ஆடியவர் ஆசிரியராகும்போது
(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி, நெம்மேலி)

ஒரு விளையாட்டில் நன்றாக ஆடிப் பெயர் வாங்கியவரே அதைக் கற்றுத்தரத் தகுந்தவர் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். சென்ற கோடை விடுமுறை வரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். வளையப்பந்துப் போட்டிகளில் பள்ளி அணிக்காக ஆடியவள் நான். ஆகவே என் தங்கைக்கு அதைக் கற்பிக்க என்னைவிடப் பொருத்தமானவர் எங்கள் நெம்மேலியில் எவரும் இலர் என்பது என் துணிபு!

அந்தப் பெருமை பத்து நாள்கூட நிலைக்கவில்லை. மாலை நேரத்தில், படகுகள் ஏற்றி வைத்திருக்கும் இடத்திற்கு அப்பால், மணலில் இரண்டு கழிகளை நட்டுக் கயிறு கட்டி ஆடுவோம். "நான் எப்படி நிற்கிறேனோ அப்படி நில்! நான் எப்படி வீசுகிறேனோ அப்படி வீசு!" என்பதே நான் நடத்திய பாடம் முழுவதும். அவள் வீசிய வளையமெல்லாம் கடற்காற்றில் எங்கோ போயிற்று. நான் கத்தினேன். பதினோராம் நாள் அவள் வரவில்லை. "எனக்கு இந்த விளையாட்டே வேண்டாம்" என்று அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

அன்றிரவுதான் அப்பா எனக்கு டி. கே. ராமநாதனைப் பற்றிச் சொன்னார். நான் டென்னிஸ் மட்டையைக் கையால் தொட்டதுகூட இல்லை. ஆயினும் அந்தக் குடும்பத்தின் வரலாறு என்னைப் பிடித்துக்கொண்டது.

ராமநாதன் தாமே போட்டிகளில் ஆடிப் பெயர் பெற்ற டென்னிஸ் ஆட்டக்காரர். தம் மகன் ராமநாதன் கிருஷ்ணனுக்கு அவரே ஆசிரியரானார். 1937இல் நாகர்கோவிலில் பிறந்த கிருஷ்ணன், 1954இல் விம்பிள்டனில் சிறுவர் பட்டத்தை வென்றார். ஆசியாவிலிருந்து சென்று அப்பட்டத்தை வென்றவர் அவருக்கு முன் எவரும் இலர். 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பெரியவர்களுக்கான போட்டியில் அரையிறுதி வரை முன்னேறினார். பின்னர் பேரன் ரமேஷ் கிருஷ்ணன் மட்டையைப் பிடித்தபோது, அவருக்கும் தாத்தாவே கற்பித்தார். தந்தை வென்ற அதே சிறுவர் பட்டத்தை, சரியாக 25 ஆண்டுகள் கழித்து, 1979இல் மகனும் வென்றார்!

இவர்கள் ஆட்டத்தில் முரட்டு அடி கிடையாது. எதிரி எங்கே இல்லையோ அங்கே பந்தை மென்மையாகக் கொண்டுபோய் வைப்பார்கள். அந்த மென்மையை எளிதாக எண்ணிவிட வேண்டாம். 1961இல் விம்பிள்டன் கால் இறுதியில் ஆஸ்திரேலிய வீரர் ராய் எமர்சனை ஒரு செட்டும் இழக்காமல் கிருஷ்ணன் வென்றார். 1989இல் ஆஸ்திரேலிய ஓப்பன் போட்டியில், அப்போது உலகின் முதல் இடத்தில் இருந்த மாட்ஸ் விலாண்டரை ரமேஷ் வென்றார்.

ஆனால் இருவருக்கும் பொதுவாக ஒரு குறையும் இருந்தது. அது பந்தைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்கும் 'சர்வீஸ்'. தந்தைக்கும் வேகம் போதாது, மகனுக்கும் போதாது. வீட்டுப் பாத்திரம் பண்டம்போல நிறையும் குறையும் சேர்ந்தே கைமாறின. மரமட்டைக் காலத்தில் கிருஷ்ணன் அதைச் சமாளித்துக்கொண்டார். ரமேஷ் ஆடிய 1980களில் கிராஃபைட் மட்டைகள் வந்துவிட்டன. 1985இல் போரிஸ் பெக்கர் என்ற 17 வயது ஜெர்மானியச் சிறுவன் இடிபோன்ற சர்வீஸைக் கொண்டே விம்பிள்டனை வென்றான். அங்கே ரமேஷ் எட்டிய உயரம் 1986இல் கால் இறுதி.

இதைக் கொண்டு ராமநாதனைக் குறை கூறுவோர் உண்டு. எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. மென்மையான கைகளைக் கண்டு அவற்றை மென்மையாகவே வளர்த்தாரே, அந்தப் பொறுமை எனக்கு இருந்ததா? வலுவாக அடி என்று அந்தச் சிறுவர்களை அவர் விரட்டியிருந்தால் நமக்கு ஒரு கிருஷ்ணனும் கிடைத்திருக்க மாட்டார். ஆனால் தாம் ஆடிய நாளின் ஆட்டத்தையே எந்நாளும் ஆடுவார்கள் என்று நினைத்துவிடுவது, முன்னாள் ஆட்டக்காரர் எவருக்கும் நேரக்கூடிய மயக்கம் என்றே எனக்குத் தோன்றுகிறது. பெரியவர்கள் பொறுத்தருள்க.

அப்படியானால் ஆடியிராதவர் கற்பிக்க முடியுமா? கோயம்புத்தூரைச் சேர்ந்த நிருபமா வைத்தியநாதனை எண்ணிப் பாருங்கள். அவருக்கு டென்னிஸ் கற்பித்த தந்தை, உண்மையில் கிரிக்கெட் ஆட்டக்காரர்! 1998இல் ஆஸ்திரேலிய ஓப்பன் போட்டியில் நிருபமா முதல் சுற்றை வென்றார். தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் கதவு திறந்த 1968க்குப் பிறகு, கிராண்ட் ஸ்லாம் போட்டியில் ஒற்றையர் ஆட்டம் ஒன்றை வென்ற முதல் இந்தியப் பெண்மணி அவரே. "நான் அப்படியா ஆடினேன்?" என்று அந்தத் தந்தையால் ஒருநாளும் கேட்டிருக்க முடியாது அல்லவா? மகளின் ஆட்டத்தைத்தான் அவர் பார்த்திருக்க வேண்டும்.

நான் அதைத்தான் செய்யவில்லை. அப்பா பேசி முடித்த மறுநாள், தங்கை முற்றத்தில் அமர்ந்து கிணற்றடியை நோக்கிக் கூழாங்கற்களை வீசிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றும் வாளியில் போய் விழுந்தது. இடக்கையால் வீசினாள். அவள் இடக்கைப் பழக்கம் உள்ளவள் என்பது பிறந்த நாள் முதல் எனக்குத் தெரியும். இருந்தும் பத்து நாளும் என்னைப்போல் வலக்கையால் வீசு என்று அவளை வாட்டியிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்டேன். ஒரு வாரம் கழித்து மணலுக்கு வந்தாள். இப்போது நான் அதிகம் பேசுவதில்லை. காற்று எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்வேன். அவள் வளையம் எனக்குப் பழகாத பக்கத்திலிருந்து வளைந்து வருகிறது. பாதிக்குமேல் பிடிக்க முடியவில்லை. சென்ற சனிக்கிழமை 21க்கு 16 என்று தோற்றேன். "அக்கா, நீ கொஞ்சம் தள்ளி நின்றால் பிடிக்கலாம்" என்று எனக்குக் கற்றுக்கொடுத்தாள்.