உங்க வார்டுல முகாம் சாவி யார்கிட்ட?

தோழர்களே, 2015 டிசம்பர் 1 ஞாபகம் இருக்கா? செம்பரம்பாக்கத்துலேர்ந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வீடுகள் மூழ்கின. எப்போ கிளம்பணும், எங்கே போகணும்னு கரையோர மக்களுக்கு நேரத்துக்குச் சொல்ல ஆள் இல்லை. 'மனிதரால் விளைந்த பேரிடர்' என்று சி.ஏ.ஜி. அறிக்கையே பிறகு சொன்னது.

மாநகராட்சியிடம் திட்டமே இல்லைன்னு நாம் சொல்லல. ரிப்பன் மாளிகையில கட்டுப்பாட்டு அறை இருக்கு, 1913 இருக்கு. ஆனா மயிலாப்பூர் குப்பத்துலயும் தி.நகர் சந்துலயும் தனியா இருக்கற பாட்டிக்கு அந்தத் திட்டத்துல ஒரு வரியாவது தெரியுமா? எந்தப் பள்ளி முகாம்? நடுராத்திரியில சாவி யார்கிட்ட? டயாலிசிஸ் நோயாளியை யார் தூக்கிட்டு வருவாங்க? கரண்ட் போய், டவரும் போனா தகவல் எப்படி வரும்? (2015-ல ரெண்டுமே போச்சு.) 2023 மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரியில் மக்கள் படகுக்குத்தானே காத்திருந்தாங்க!

200 வார்டுக்கும் தனித்தனித் திட்டம் வேணும், பெயரும் போன் நம்பரும் போட்டு. அடுத்த பகுதி சபைக் கூட்டத்துல எழுந்து கேளுங்க. கவுன்சிலர் நம்ம கட்சிக்காரரா இருந்தாலும் கேளுங்க. மழைக்கு முன்னாடி அந்தத் தாள் ரேஷன் கடைச் சுவத்துல ஒட்டியிருக்கணும்.