மனை வாங்கும் முன் தலப்படத்தையும் பாருங்கள்



கம்பம் பள்ளத்தாக்கில் மலையடிவாரத்தில் மனை வாங்கப்போவதாக உங்களில் சிலர் சொன்னீர்கள். பட்டா, வில்லங்கம் எல்லாம் பார்ப்பீர்கள். இன்னொன்றையும் பாருங்கள் என்பது என் கருத்து: இந்திய நில அளவைத் துறையின் தலப்படம். டோபோ ஷீட் என்பார்களே, அதுதான்.

அது லேசில் கிடைத்ததல்ல. 1802-ல் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளந்தார். அவருடைய தியோடலைட் கருவியே அரை டன் எடை. 1821-ல் லெப்டினன்ட் வார்டு பழனிமலையில் ஏறி அளந்தார். சுமை தூக்கியதும் வழி காட்டியதும் உள்ளூர் மக்கள்தான்.

உயரத்தை அளந்து என்ன பயன் என்கிறீர்களா? மேற்கே ஓடுவது பெரியாறு. தேக்கடி ஏரி கம்பத்தைவிட உயரத்தில் இருக்கிறது. அந்த உயர வித்தியாசத்தை நம்பித்தான் மலையைக் குடைந்தார்கள். 1895 முதல் நம் வயலுக்குத் தண்ணீர் வருகிறது.

அதே உயரக் கணக்கு ஆபத்தையும் சொல்லும். தலப்படத்தில் பழுப்புக் கோடுகள் சமஉயரக் கோடுகள். நெருக்கமாக இருந்தால் செங்குத்துச் சரிவு. அவை மேட்டை நோக்கிக் கூராக வளைந்தால் அங்கே நீர் இறங்கும் பள்ளம். நீலம் தண்ணீர் உள்ள இடம். கறுப்பு வறண்ட ஓடை. நாம் ஏமாறுவது இந்தக் கறுப்புக் கோட்டில்தான். பத்து வருஷம் தண்ணீர் வராவிட்டால் புரோக்கர் அதை வண்டிப்பாதை என்பார். ஐப்பசியில் ஒரு ராத்திரி மழை போதும். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை மண்ணும் பாறையும் அடித்துப்போனது ஆற்றின் வழியாகத்தானே!

"கிராமப் புலப்படம் போதாதா சார்?" என்பீர்கள். அது எல்லையையும் அளவையும் காட்டும், சரிவைக் காட்டாது. தலப்படத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 500 மீட்டர். உங்கள் மனை அதில் தெரியாதுதான். ஆனால் மலையிலிருந்து அதை நோக்கி வரும் ஓடை தெரியும். அங்குலத்துக்கு ஒரு மைல் கணக்கில் அச்சிட்ட பழைய தாள் கிடைத்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்; மறைந்த ஓடையும் குளமும் கண்ணில் படும்.

புதிய தாளை நில அளவைத் துறை இணையதளத்தில் இறக்கிக்கொள்ளலாம். ஆசிரியராக இருக்கும் பிள்ளைகளே, உங்கள் பகுதித் தாளை வகுப்புச் சுவரில் மாட்டுங்கள். பரீட்சை மதிப்பெண்ணுக்கு மட்டும் அதைச் சொல்லித்தந்தால் போதாது.

மற்றவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் உங்கள் ஊர் ஓடைகளின் பெயரைக் கேட்டுக் கீழே எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.