தான் பெற்றதையே தெரியாதாம்

மைஎஸ்கியூஎல் 8.0-க்கு ஆதரவு 2026 ஏப்ரல் வரைதான். 8.4-க்குப் போவதா வேண்டாமா என்ற பேச்சுக்கே இனி இடமில்லை. நேட்டிவ் பாஸ்வேர்ட் பிளகினை 8.4 அணைத்து வைத்ததும் 9.0 அடியோடு எடுத்துவிட்டதும் சரியே. எஸ்எச்ஏ-1-ஐ வைத்துக் காலம் தள்ளியது போதும்.

நமக்கு உறுத்துவது வேறு. 2018-இல் 8.0 வந்தபோது பழைய பிஎச்பி கிளையன்ட்கள் பலவும் வெளியே நின்றன. மை.சிஎன்எஃப்-இல் 'டிஃபால்ட்_ஆதென்டிகேஷன்_பிளகின்' வரியைப் போட்டுச் சமாளித்தோம். 8.4-இல் அந்த மாறியே இல்லை; வரி இருந்தால் சர்வர் எழும்பாது. அதற்குப் பதிலாக 'மைஎஸ்கியூஎல்_நேட்டிவ்_பாஸ்வேர்ட்=ஆன்' வந்தது, போட்டோம். 9.0-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். அந்த வரிக்கும் சர்வர் படுத்துக்கொள்ளும்.

மேம்படுத்திய அன்று இரவு ஒரு மணிக்கு டியூட்டியில் இருப்பவர் கண்ணில் படுவது கிளையன்ட் காட்டும் எரர் 2002 மட்டும்தான். சாக்கெட் கோப்பைத் தேடுகிறார். லோக்கல்ஹோஸ்ட்டை 127.0.0.1 ஆக்கினால் 2003 வருகிறது. ஃபயர்வாலைத் தளர்த்துகிறார், பைண்ட்-அட்ரஸை 0.0.0.0 ஆக்குகிறார். கனெக்‌ஷன் கோளாறே அல்லவே இது! ஓடாத சர்வருக்கு எந்தக் கதவைத் திறந்து என்ன பயன்? விடிவதற்குள் எப்படியோ சர்வர் எழும்பிவிடும். திறந்த கதவை யாரும் சாத்த மாட்டார்கள். பாதுகாப்புக்காகச் செய்த மாற்றத்தின் பலன் இது.

காரணம் எரர் லாகில் ஒரே வரியாகக் கிடக்கிறது: 'தெரியாத மாறி'. தெரியாதா? பெயர் வைத்தவர்களும் அவர்கள், கையேட்டில் ஏற்றியவர்களும் அவர்கள், நீக்கியவர்களும் அவர்கள். எழுத்துப்பிழையான ஆப்ஷனைக் கண்டும் காணாமல் சர்வர் ஓடக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். எழுத்துப்பிழையும் ஓய்வு கொடுத்த மாறியும் ஒன்றா? நீக்கிய பெயர்களின் பட்டியல் ஒன்றை பைனரிக்குள் வைத்து, 'இது 8.4-இல் போய்விட்டது, இனி ஆதென்டிகேஷன்_பாலிசி' என்று சொல்ல ஆரக்கிளுக்கு ஆள் பஞ்சமா?

சர்வரை எழுப்பாமலே கான்ஃபிக்கைச் சோதிக்கும் வேலிடேட்-கான்ஃபிக் 8.0.16 முதல் இருக்கிறது, தெரியாத ஆப்ஷனை எச்சரிக்கையோடு விட்டுவிடும் 'லூஸ்_' முன்னொட்டு அதற்கும் முன்பிருந்தே இருக்கிறது என்பார்கள். இருக்கின்றன, கையேட்டின் ஏதோ ஒரு மூலையில். சர்வர் சாகும்போது அவற்றில் ஒன்றின் பெயரையாவது சொல்லிவிட்டுச் சாகலாம்.

அதுவரை, மேம்படுத்தும் முன் புது பைனரியிடம் பழைய மை.சிஎன்எஃப்-ஐக் கொடுத்து வேலிடேட்-கான்ஃபிக் ஓட்டுங்கள். 2002 வந்தால் ஃபயர்வால் பக்கமே போகாதீர்கள். முதலில் எரர் லாக்.