மண்வள அட்டையில் குரோமியத்துக்கு ஒரு வரி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நகரக் கழிவுநீரைச் சுத்திகரித்தபின் மிஞ்சும் கசடை மணல் நிலங்களுக்கு எருவாகக் கொடுக்கலாம் என்ற பேச்சு எங்கள் பக்கமும் வந்துவிட்டது. யோசனையை நான் எதிர்க்கவில்லை. தோல் பதனிடும் ஊர்களில், அந்தக் கசடில் குரோமியமும் உப்பும் எவ்வளவு என்று சொல்லாமலே விவசாயியின் தலையில் கட்டுவதை எதிர்க்கிறேன்.

பாலாற்றங்கரை நிலம் மணற்சாரி. காலையில் பாய்ச்சிய தண்ணீர் மாலைக்குள் இறங்கிவிடும். போட்ட யூரியாவும் அதோடு போய்விடும். இந்த மண்ணுக்கு மக்கு வேண்டும். முன்பு ஆட்டுக்கிடை போட்டோம், ஏரி வண்டல் அடித்தோம், கொழுஞ்சி விதைத்து மடக்கி உழுதோம். இன்று மாடு குறைந்துவிட்டது. ஒரு டிராக்டர் தொழுவுரம் வாங்கவே யோசிக்க வேண்டியிருக்கிறது. நன்றாக மக்கவைத்து, கிருமி நீக்கிய கசடில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு. மண்ணில் ஈரத்தையும் நிறுத்தும். செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் 2017 முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. அங்கே வருவது வீட்டு செப்டிக் டேங்க் கழிவு. எங்கள் ஊர்களிலோ குடியிருப்பும் தோல் பதனிடும் டேனரியும் பக்கத்துப் பக்கத்தில். வீட்டுச் சாக்கடையோடு டேனரித் தண்ணீர் கலக்க எல்லா வழியும் உண்டு.

சென்ற கோடையில் ஒரு தரகர் எங்கள் ஊரில் ஒரு லோடு கசடை இறக்கினார். கறுப்பாக, பொலபொலவென்று, வாடையில்லாமல் இருந்தது. எங்கே எடுத்தது, என்ன சோதனை செய்தார்கள் என்று கேட்டோம். "எல்லாம் டெஸ்ட் பண்ணதுதாங்க" என்றாரே தவிர, காகிதம் எதையும் காட்டவில்லை. ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் கரைத்து, தெளிந்த நீரைத் தட்டில் ஊற்றி வெயிலில் வைத்தோம். காய்ந்ததும் தட்டின் ஓரமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கிணற்றடி வாய்க்கால்களில் நாங்கள் பார்த்துச் சலித்த அதே பூப்பு.

உப்பாவது கண்ணுக்குத் தெரிகிறது, குரோமியம் தெரியாது. வயல் மண்ணைப் பரிசோதனை நிலையத்துக்கு எடுத்துப் போனால் அது பட்டியலில் இல்லை என்கிறார்கள். உண்மைதான். 2015-ல் மத்திய அரசு தொடங்கிய மண்வள அட்டையில் 12 விவரங்கள் உண்டு: கார அமில நிலை, உப்பின் நிலை, கரிமம், தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான். ராஜஸ்தானுக்கும் ராணிப்பேட்டைக்கும் ஒரே அட்டை. குரோமியத்துக்கு அதில் இடமில்லை. அதே அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணை, நகரக் குப்பை உரத்தில் கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் கூடாது என்கிறது. மூட்டையில் வரும் உரத்துக்கு வரம்பு வைத்தவர்கள், அது போய்ச் சேரும் மண்ணில் ஏற்கெனவே எவ்வளவு கிடக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

குரோம் உப்பால் பதனிடும்போது தோல் அதை முழுதாக ஏற்பதில்லை. மிச்சம் கழிவுநீரில் கலந்து கசடில் தங்குகிறது. 2016-ன் அபாயக் கழிவு விதிகள் இந்தக் கசடையும் பட்டியலிட்டுள்ளன. எரு மக்கிவிடும், உலோகம் மக்காது. ஆண்டுதோறும் போட்டால் ஆண்டுதோறும் ஏறும். களிமண்ணாவது கொஞ்சம் பிடித்துவைக்கும். மணலில் உப்பும், எளிதில் கரையும் நச்சு வடிவக் குரோமியமும் நேராகக் கிணற்றுக்கு இறங்கும்.

பட்டுத் தெரிந்துகொண்டதால்தான் பயப்படுகிறோம். தோல் தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பாழானதாக, 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பதிவு செய்தது. மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற நெறிக்கு இந்தியாவெங்கும் எங்கள் மண்ணின் இந்த வழக்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் டேனரிக் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் மாண்டார்கள். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு பற்றி மீண்டும் தீர்ப்பு சொல்ல வேண்டிவந்தது.

சோதிக்காமல் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டிலும் பாடம் உண்டு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பல்லாண்டுகள் வயல்களில் கழிவுநீர்க் கசடைப் போட்டார்கள். அழியாத வேதிப்பொருள்கள் மண்ணிலும் பாலிலும் ஏறியது தெரிந்தபின் 2022-ல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். அதற்குள் பால் பண்ணைக்காரர்கள் பட்ட நஷ்டம் பட்டதுதான்.

தொழிலை மூடச் சொல்லவில்லை. எங்கள் வீட்டுப் பெண்களும் ஷூ கம்பெனிகளில்தான் உழைக்கிறார்கள். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகங்களிடமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் வேளாண்மைத் துறையிடமும் கேட்பது இவ்வளவுதான். டேனரிக் கசடும் நகரக் கசடும் எந்த இடத்திலும் கலக்கக் கூடாது. வயலுக்கு வரும் ஒவ்வொரு லோடோடும் எடுத்த இடம், தேதி, குரோமியம், உப்பு அளவுகள் தமிழில் எழுதிய சோதனைத் தாள் வர வேண்டும். இந்த மூன்று மாவட்டங்களின் மண்வள அட்டையில் 13-வது வரியாகக் குரோமியத்தைச் சேர்க்க வேண்டும். சோதனைச் செலவை மாசு செய்தவர்களிடம் வசூலிக்க வேண்டும். விவசாயியிடம் கேட்கக் கூடாது.

அந்தச் சோதனைத் தாள் கைக்கு வரும்வரை ஒரு லோடு கசடுகூட எங்கள் வயலில் இறங்க விடமாட்டோம்.

இப்படிக்கு,
பாலாற்றங்கரை விவசாயி,
ஆம்பூர் வட்டம், திருப்பத்தூர் மாவட்டம்.