கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு போர்

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும், போர்முனைக்குச் சென்று மீண்ட தம் பாட்டன்மாருக்குப் பேரப்பிள்ளைகள் தம் கையாலேயே செய்து அளிக்கும் பரிசொன்று உண்டு. டயோராமா என அதனை அழைப்பர். போர்க்களத்துக் காட்சியொன்றைச் சிற்றுருவாகச் சமைத்து, பலகையொன்றின்மீது நிறுத்திக் கண்ணாடியால் மூடிவைப்பதே அது. கடையிலே பெட்டியாக வாங்கிய பிளாஸ்டிக் துண்டுகளைக் கத்தியாற் சீவிப் பசையால் ஒட்டுவர். சாந்து குழைத்து நிலம் அமைப்பர். உலர்ந்த வேர்களை மரமாக்குவர். பாட்டனார் ஏறிச்சென்ற தாங்கியையோ ஹெலிகொப்டரையோ அதன் இலக்கம் முதலாகப் பிழையின்றித் தீட்டுவர். பிறந்தநாளன்று அது முதியவரின் கையிலே கொடுக்கப்படும். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசாமல் அதனைப் பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டார் படம் எடுப்பர்.

இதிலே குறைகாண என்ன இருக்கிறது என்று வாசகர் கேட்கலாம். ஒரு முதியவருக்காக மாதக்கணக்கான இரவுகளைச் செலவிடும் பிள்ளையின் அன்பை நாமும் மதிக்கின்றோம். முதியோரை ஒரு மூலையிலே இருத்திவிட்டுப் பணத்தைத் துரத்தும் சமுதாயத்திலே அவ்வன்பு அரியது. எமது வழக்கு அப்பிள்ளையோடு அன்று. அப்பிள்ளையின் அன்புக்கு அச்சுவார்த்த வடிவமொன்றைக் கொடுத்து, உன் பாட்டனின் வாழ்க்கை இதுதான் என்று விற்கின்ற ஏற்பாட்டோடுதான் எமக்கு வழக்கு.

அந்த ஏற்பாட்டைச் சற்று நெருங்கி நோக்குவோம். இத்துறையிலே பெருவழக்கான அளவு முப்பத்தைந்தில் ஒன்று. ஜப்பானின் தமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்திலே ஜெர்மானியரின் பன்தர் தாங்கியை விளையாட்டு மாதிரியாக வெளியிட்டபோது, அதனை ஓட்டும் மோட்டாரும் மின்கலங்களும் உள்ளே அடங்கவேண்டும் என்ற தேவையினால் அமைந்த அளவு அது. பின்னர் அதுவே உலகெங்கும் வழக்கமாயிற்று. அந்த அளவிலே ஒரு மனிதனின் உயரம் ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர். மின்கலத்தின் பருமனுக்கேற்பத் தாங்கி அமைந்தது. தாங்கியின் பருமனுக்கேற்ப மனிதன் அமைந்தான். இத்தொழிலிலே மனிதனுக்குரிய இடம் எது என்பதை விளக்க இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

துருவுக்கு ஒரு சாயம், சேற்றுக்கு ஒரு சாயம், புகைக்கரிக்கு ஒரு தூள் என்று தனித்தனியே விற்கப்படுகின்றன. இரும்பின்மேற் பட்ட ஒவ்வொரு கீறலும் பக்தியோடு தீட்டப்படுகிறது. மனித உடலின்மேற் பட்டவையோ பெரும்பாலும் விலக்கப்படுகின்றன. பரிசுப்பொருளுக்கு அவை அழகல்லவாம்! எமது பழைய பரணி இலக்கியத்தை இங்கே நினைத்துப் பார்க்கின்றோம். கலிங்கத்துப்பரணி குலோத்துங்க சோழனின் புகழைப் பாட எழுந்த அரசவை நூல். அதன் வர்க்கச் சார்பு எமக்குத் தெரியாததன்று. ஆயினும் அப்புலவர், போர் முடிந்த களத்திலே பேய்கள் பிணங்களைக்கொண்டு கூழ் சமைத்து உண்பதை விரித்துப் பாடினார். வெற்றியின் விலை பிணம் என்பதை அரசனின் முகத்துக்கு முன்னாலேயே அந்நூல் சொல்லிற்று. இன்றைய பிளாஸ்டிக் களத்துக்கு அந்த நேர்மைகூட இல்லை.

"பொழுதுபோக்கிலே அரசியலைப் புகுத்துவானேன்?" என்று நண்பர் சிலர் கடிந்துகொள்வர். அவர்களுக்கு ஒரு வரலாற்றை நினைவூட்டுகின்றோம். வாட்டர்லூப் போர் 1815ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் திகதி நடந்தது. அக்களத்தின் பெரிய மாதிரியொன்றை அமைக்கும் பணி 1830இல் வில்லியம் சைபோர்ன் என்னும் பிரித்தானியப் படையதிகாரியிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் அக்களத்துப் பண்ணை வீடொன்றிலே 8 மாதங்கள் தங்கி நிலத்தை அளந்தார். போரிலே பங்குபற்றி உயிரோடிருந்த அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார். மாலை 7 மணியளவில் உமது படை எங்கே நின்றது, எதிரே நின்றவர் யார், வயலிலே என்ன பயிர் நின்றது என்றெல்லாம் வினவினார். நூற்றுக்கணக்கான மறுமொழிகள் வந்து குவிந்தன. 1838இலே, 70,000க்கும் மேற்பட்ட உலோகப் பொம்மைகளைத் தாங்கிய அம்மாதிரி இலண்டனிற் காட்சிக்கு வைக்கப்பட்டது.

அப்பொம்மைகள் நின்ற இடமே தகராறாயிற்று. அன்று மாலை பிரஷ்யப் படை களத்தினுள் எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பதைச் சைபோர்ன் தாம் திரட்டிய சான்றுகளின்படி காட்டியிருந்தார். வெற்றியின் பெரும்பங்கு தமக்கே உரியது என்று நிலைநாட்டியிருந்த வெலிங்டன் கோமகனுக்கும் அவரைச் சூழ்ந்தோருக்கும் அது பிடிக்கவில்லை. அரசோ தன் பணவுதவியை முன்னரே நிறுத்திவிட்டிருந்தது. கடனில் மூழ்கிய சைபோர்ன், ஈற்றிலே பிரஷ்யப் பொம்மைகளுட் பெருந்தொகையை அகற்ற இசைந்தார். விரல்நுனி உயரமுள்ள பொம்மைகள் எங்கே நிற்பது என்பதற்காக ஒரு பேரரசின் மாபெருந் தளபதி கவலைப்பட்டார்! பொழுதுபோக்கிலே அரசியல் இல்லை என்போர், வெலிங்டன் அறிந்திருந்த அளவுக்கேனும் இவ்விடயத்தை அறிந்துகொள்ளவேண்டாமா?

இவ்வரலாற்றிலே இன்னொரு பாடமும் உண்டு. சைபோர்ன் தம் கேள்விகளை அதிகாரிகளிடமே கேட்டார். சேற்றிலே முழந்தாளிட்டுச் சுட்ட சாதாரணச் சிப்பாயிடம் கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அக்காலத்துச் சமுதாயம் அப்படித் தோன்றவிடவுமில்லை. ஆயினும் அவர் திரட்டிய கடிதங்கள் அழியவில்லை. அவற்றுட் பலவற்றை அவருடைய மகன் 1891இல் நூலாக வெளியிட்டார். இன்றைக்கும் அப்போரை ஆராய்வோர் முதலில் நாடுவது அக்கடிதங்களைத்தான். பொம்மைகளைச் செய்வதற்குத் துணையாக எழுந்த கேள்விகள், பொம்மைகளைவிடப் பெரும்பயன் தந்தன.

சைபோர்னுக்குக் கிட்டாத ஒன்று இன்றைய பேரப்பிள்ளைக்குக் கிட்டியிருக்கிறது. சாதாரணச் சிப்பாய் ஒருவர் அவன் வீட்டிலேயே, அடுத்த அறையிலேயே இருக்கிறார். அவரிடம் கேளாமலே பெட்டியை வாங்கிப் பசையைத் திறப்பதுதான் நாம் காணும் பெருங்குற்றம்.

இன்று அமெரிக்காவிலே பாட்டன்மாராய் இருக்கும் போர்வீரருட் பலர் வியட்நாமுக்கு அனுப்பப்பட்டவர்கள். கல்லூரியிற் சேர வாய்ப்புடைய இளைஞருக்குக் கட்டாயப் படைச்சேவையிலிருந்து ஒத்திவைப்புக் கிடைத்தது. அந்த வாய்ப்பில்லாத தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் ஏழை விவசாயிகளின் பிள்ளைகளும் கறுப்பின இளைஞரும் போருக்குச் சென்றனர். அவர்களிலே ஒருவரின் பேரன், கடையில் வாங்கிய செயற்கை இலைகளைச் சாமணத்தாற் பற்றி ஒவ்வொன்றாக ஒட்டி அடர்ந்த பசுங்காடொன்றை ஆக்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். அந்த இலைகளை உதிர்ப்பதற்கென்றே 1961 முதல் 1971 வரை 7 கோடி லீற்றருக்கும் அதிகமான களைகொல்லிகளை அமெரிக்க விமானங்கள் தெளித்தன. அவற்றிலே பெரும்பகுதியான ‘ஏஜென்ற் ஒறேஞ்ச்’ என்பதிலே டயொக்சின் என்னும் கொடிய நஞ்சு கலந்திருந்தது. அந்த நஞ்சு வியட்நாமிய உழவரின் உடலிலே புகுந்தது. தெளிக்கப்பட்ட காட்டினூடே நடந்த அமெரிக்கச் சிப்பாயின் உடலிலும் புகுந்தது. நோயுற்ற சிப்பாய்கள் தம் நாட்டு இரசாயனக் கம்பனிகள்மீதே வழக்குத் தொடுத்தனர். 1984இல் 18 கோடி டொலருக்கு அவ்வழக்கு இணக்கமாக முடிக்கப்பட்டது. பாட்டனாரின் மருந்துப் போத்தல்களுக்குப் பக்கத்திலே இப்போது அந்தப் பசுங்காடு வைக்கப்படுகிறது. அவர் ஏன் ஒன்றும் பேசவில்லை என்பதை எவரும் கேட்கவில்லை.

அந்தக் காட்டுக்கு அருகே ஊர் இருந்தது; ஊரிலே மக்கள் இருந்தனர். 1995இல் வியட்நாம் அரசு வெளியிட்ட கணக்கு, போராளிகள் 11 இலட்சம் பேரும் பொதுமக்கள் ஏறத்தாழ 20 இலட்சம் பேரும் மாண்டனர் என்று கூறுகிறது. வாஷிங்டனிலுள்ள கருங்கற் சுவரிலே 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்கரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. பலகைமேல் நிறுத்தப்படும் காட்சியிலோ இவ்விரு தொகுதியினரும் இல்லை. இருப்பவர்கள் நலமாய், நிமிர்ந்து, துப்பாக்கியோடு நிற்கும் சிலரே. பேரப்பிள்ளை காணும்வரை வாழக் கிடைத்தவருக்கு மட்டுமே இப்பரிசு கிட்டும். இருபது வயதில் மாண்டவனுக்குப் பேரனும் இல்லை, பெட்டியும் இல்லை.

எமது நாட்டிலும் அத்தகையோர் உளர். இரண்டாம் உலகப்போரின்போது, 1942 மே 8ஆம் திகதி இரவு, கொக்கோஸ் தீவுகளிலே காவலிருந்த இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர் தம் பிரித்தானிய அதிகாரிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி முறியடிக்கப்பட்டது. அதன் தலைவரான கிரேஷியன் பெர்னாண்டோ உட்பட மூவர் அவ்வாண்டு ஆகஸ்டிலே வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். பேரரசின் சீருடை அணிந்து பேரரசையே எதிர்த்த அவர்களின் காட்சியை எந்தக் கடை பெட்டியிலடைத்து விற்கும்?

டயோராமாக்களை உடைத்தெறியுங்கள் என்று நாம் கூறுவதாக எவரும் எண்ணவேண்டா. கைத்திறன் உயர்ந்தது, அது உண்மைக்குப் பணிசெய்யட்டும் என்கிறோம். ஹெலிகொப்டர்தான் செய்யவேண்டுமெனில், 1968 மார்ச் 16ஆம் திகதி மை லாய் கிராமத்திலே இறங்கிய ஹெலிகொப்டரைச் செய்யலாமே! அன்று அமெரிக்கப் படையினர் அவ்வூர்ப் பெண்களையும் முதியோரையும் குழந்தைகளையும் கொன்றுகொண்டிருந்தனர். மாண்டோர் 504 பேர் என்பது வியட்நாமியரின் கணக்கு. ஹியூ தொம்சன் என்னும் விமானி, தப்பியோடிய மக்களுக்கும் தம் நாட்டுப் படையினருக்கும் நடுவே தம் சிறிய வேவு ஹெலிகொப்டரை இறக்கினார். அம்மக்கள்மீது சுட்டால் எம்மவரையே சுடு என்று தம் துணைவருக்கு ஆணையிட்டார். அதற்காகப் பல ஆண்டுகள் தூற்றப்பட்ட அவருக்கும் அவர் துணைவர் இருவருக்கும் 1998இலேதான் பதக்கம் வழங்கப்பட்டது. 1971 ஏப்ரலிலே நூற்றுக்கணக்கான வியட்நாம் போர்வீரர் வாஷிங்டனிலே பாராளுமன்றக் கட்டடத்தின்முன் கூடித் தாம் பெற்ற பதக்கங்களை வீசியெறிந்தனர். அவர்களும் இன்று பாட்டன்மாரே. அந்தப் படிக்கட்டும் போர்க்களத்தின் ஒரு பகுதியே.

எக்காட்சியைச் செய்வது என்பதைக் கடைக்காரன் தீர்மானிக்கக்கூடாது, பாட்டனார் சொல்லவேண்டும். "அன்று உமக்குப் பயம் இருந்ததா? எதிரே நின்றவனின் முகத்தைக் கண்டீரா? திரும்பி வந்தபின் எதைப்பற்றிப் பேசாமல் இருந்தீர்?" என்று பேரப்பிள்ளை கேட்கட்டும். அவர் சொல்ல மறுத்தால் அந்த மௌனத்துக்கும் மதிப்பளிக்கட்டும். சொல்வாராயின், சொல்லியவாறே எழுதிவைக்கட்டும். அதன்பின்னும் பொம்மை செய்ய மனமிருந்தால் செய்யட்டும். அப்போது அது பாட்டனாருடைய போராய் இருக்கும்.

இவற்றையெல்லாம் இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. 1983 முதல் 2009 வரை எமது நாட்டில் நடந்த போரிலே இருபது வயதில் துப்பாக்கி ஏந்தியோருட் சிலர் இன்று பேரப்பிள்ளை கண்டுவிட்டனர். தெற்கிலே கால் இழந்த முன்னாட் சிப்பாய் இருக்கிறார். வன்னியிலே உடலில் இரும்புத் துகள்களோடு வாழும் முன்னாட் போராளி இருக்கிறார். காணாமற்போன பிள்ளையின் படத்தை மார்போடு அணைத்து வீதியோரத்தில் அமர்ந்திருக்கும் பாட்டிமார் இருக்கின்றனர். இவர்களைச் சுற்றிலும் பெட்டி செய்வோர் முந்திக்கொண்டனர். ஆனையிறவிலே 1991ஆம் ஆண்டுச் சமரில் அழிந்த கவசவாகனம் வெற்றிச்சின்னமாய் வீதியோரம் நிறுத்தப்பட்டது. எமது பக்கத்திலும் வீரத்தை மட்டும் வண்ணத்திலே தீட்டி, அழுகையையும் பிழைகளையும் சட்டத்துக்கு வெளியே விடுவோர் உளர். இரண்டு பெட்டிகளிலும் ஏழை வீட்டுப் பிள்ளையின் உயரம் 5 சென்ரிமீற்றர்தான்.

ஆசிரியர்களாகிய எமக்கு ஆயுதமோ அதிகாரமோ இல்லை, வகுப்பறை இருக்கிறது. வரலாற்றுப் பாடத்துக்கு மாதிரியுரு செய்துவரும்படி மாணவருக்குச் சொல்லுமுன், வீட்டிலுள்ள முதியவரிடம் ஒரு கேள்வி கேட்டு, மறுமொழியை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிவரச் சொல்வோம். மாத்தறையிலும் முல்லைத்தீவிலும் அவ்வாறு எழுதப்பட்ட இரண்டு கொப்பிகளை ஒரே மேசையில் வைத்து வாசிக்கும் நாள் வரட்டும். அவை ஒன்றையொன்று மறுக்கும் இடங்களும் இருக்கும். ஒன்றாகவே அழும் இடங்களும் இருக்கும். அந்த வாசிப்புக்கு எமது மாணவரை ஆயத்தம் செய்வதே எமது கடன்.