குமிழ் சொல்லும் பொய்

பழைய ஆசிலோஸ்கோப்பின் குமிழ் ஆடினால் உடனே பசையைத் தேடுவது சீரமைப்பு ஆகாது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1946இல் தோன்றிய டெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் கருவிகளையே எடுத்துக்கொள்வோம். திரையின் ஒரு கட்டம் எத்தனை வோல்ட் என்பதைக் குமிழின் நிலைதான் சொல்கிறது. 1, 2, 5 என ஏறும் அந்த வரிசையில் குமிழ் தண்டின்மேல் ஒரு படி நழுவி நின்றால், விடை இரண்டு அல்லது இரண்டரை மடங்கு பிறழும். அலையோ அழகாகவே ஓடும். சிதைந்த ஏட்டில் ஊகத்தை எழுதிச் சேர்த்த பதிப்பும் இப்படித்தான்: வாசிக்கத் தடையில்லை, பாடம்தான் வேறு.

முதலில் பார்க்க வேண்டியது குமிழின் பக்கவாட்டில் உள்ள சிறு திருகு. அது அங்குல அளவிலானது. மில்லிமீட்டர் ஆலன் சாவி பொருந்துவதுபோல் தோன்றி அதன் விளிம்பை மழுக்கிவிடும். பிளாஸ்டிக்கே பிளந்திருந்தால், அதே மாதிரியின் கழிவுக் கருவியிலிருந்து குமிழை எடுப்பதே நேர்மை. மாட்டியபின், நடுவிலுள்ள நுண்திருத்தக் குமிழை அளவுநிலையில் நிறுத்தி, முகப்பிலேயே கிடைக்கும் அளவறிந்த சதுர அலையைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். பசையோ உள்ளே கசிந்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழலும் இரு தண்டுகளையும் சேர்த்தே இறுக்கிவிடும்.