மசக்கைக்குக் கூலி உண்டா?

எனக்கு நாள் தள்ளியபோது காரைக்குடி வங்கியில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். அதே மாதம் முழுகாமல் இருந்த என் மதினி மானாமதுரைப் பக்கம் சூளையில் செங்கல் சுமந்தாள். "சொன்னா வேலைக்கு வராதேம்பாக. வாந்தியை முழுங்கிட்டு நிக்கிறேன்" என்றாள். மூன்றாம் மாதம் கலைந்தது. நாலாம் நாள் சூளைக்குப் போய்விட்டாள்.

ஓய்வெடு, பழம் தின்னு என்கிறார்கள். யாருக்குச் சொல்கிறார்கள்?

ஆனாலும் சேரிப் பெண்கள் சிலதைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். மசக்கை ஆறாவது வாரம் வாக்கில் தொடங்கும். பெரும்பாலும் மூணு, மூணரை மாசத்தில் அடங்கும். கருத்தரித்த 28 நாளுக்குள் மூளைக்கும் தண்டுவடத்துக்குமான குழாய் மூடிவிடுகிறது. அதனால் போலிக் அமில மாத்திரையை நாள் தள்ளுமுன்பே தொடங்கினால் நல்லது. தள்ளியதும் ஒருநாள்கூடத் தாமதிக்கக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சும்மாவே தருவார்கள். ரத்தம் பட்டாலோ, அடிவயிறு கடுமையாக வலித்தாலோ, குடித்த தண்ணீர்கூடத் தங்காவிட்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 2006இல் 6,000 ரூபாய், 2011இல் 12,000, 2018இல் ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு 18,000. 12 வாரத்துக்குள் பதியச் சொல்கிறார்கள். பதியப் போனால் ஒருநாள் கூலி போச்சு. பணம் எடுக்க என் கவுண்டருக்கு வருகிறவர்களுக்கு வயிறு மேடு தட்டியிருக்கும், இல்லை இடுப்பில் பிள்ளை இருக்கும். வாந்தியோடு கல் தூக்கிய மாசங்கள் எந்தக் கணக்கிலும் இல்லை.

சங்கம் நடத்தும் தோழர்களே, உங்கள் கோரிக்கைப் பட்டியலில் முதல் மூணு மாசக் கூலியை எப்போது எழுதப் போகிறீர்கள்?